ஊருக்கான ஏஐ வானிலை எச்சரிக்கை: கணிப்பிலிருந்து கதவைத் தட்டுவது வரை

2024 அக்டோபர் 29 அன்று காலை எட்டு மணிக்கு முன்பே வலென்சியா பகுதிக்கு ஸ்பெயின் வானிலைத் துறை சிவப்பு எச்சரிக்கை விடுத்துவிட்டது. மக்களின் கைபேசிகளில் அவசர எச்சரிக்கை ஒலித்தது இரவு எட்டு மணிக்குப் பிறகு. அதற்குள் பல ஊர்களில் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்துவிட்டது. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கணிப்பு காலையிலேயே இருந்தது. கணிப்புக்கும் கைபேசிக்கும் நடுவே பன்னிரண்டு மணி நேரம் போயிற்று.

பழைய வானிலைத் தரவிலிருந்து கற்று வரும் நாட்களைக் கணிக்கும் ஏஐ வானிலை மாதிரிகள் வந்தபின் கணிப்பு விரைவாகவும் மலிவாகவும் கிடைக்கிறது. ஆனால் மேலே சொன்ன இடைவெளியை அவை தாமாக மூடுவதில்லை. செல்போன் கோபுரம் ஒன்றே ஒன்று, சாலை ஒன்றே ஒன்று என்று இருக்கும் கிராமங்களில் அது இன்னும் அகலம். அதனால் இந்த வழிகாட்டியில் மாதிரிகளைப் பற்றிய பகுதி சிறியது. மாதிரி தரும் எண்ணை ஊரின் செயலாக மாற்றும் பகுதிதான் பெரியது. ஐந்தாறு பேர் கொண்ட ஊர்க்குழு, கணினி தெரிந்த ஒருவர், ஒரு மழைக்காலம் அளவு பொறுமை ஆகியவை இருந்தால் இதைச் செய்யலாம்.

தொடங்கும் முன் ஒரு விதி. எச்சரிக்கை விடும் அதிகாரம் நாட்டின் வானிலைத் துறைக்கும் பேரிடர் நிர்வாகத்துக்கும் உரியது. ஊர்க்குழுவின் வேலை அந்த எச்சரிக்கையைத் தன் தெருக்களுக்கு ஏற்ற சொற்களில் கொண்டுசேர்ப்பதும், உள்ளூர் அளவீடு காட்டினால் முன்கூட்டியே தயாராவதும். அரசு ஆரஞ்சு என்றால் ஊர்க்குழு சிவப்புக்குத் தயாராகலாம். அரசு சிவப்பு என்ற பிறகு, உங்கள் மாதிரி "மழை குறைவு" என்று காட்டினாலும் ஊரில் எதையும் தளர்த்தக் கூடாது. கூட்டலாம், குறைக்கக் கூடாது.

எந்த ஆபத்து, எவ்வளவு அவகாசம்

எல்லா ஆபத்துகளுக்கும் ஒரே அமைப்பு போதும் என்று தொடங்கினால் ஒன்றுக்கும் உதவாது. முதல் ஆண்டு ஒரே ஓர் ஆபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடந்த முப்பது ஆண்டுகளில் உங்கள் ஊரில் உயிரைப் பறித்தது எது என்று முதியவர்களிடம் கேட்டால் விடை கிடைத்துவிடும்.

கடும் வெப்பத்தை ஒரு வாரம் முன்பே ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல முடியும். ஏஐ மாதிரிகள் நன்றாகச் செய்யும் வேலைகளில் இது ஒன்று. புயலின் பாதையை மூன்று முதல் ஐந்து நாட்கள் முன்பே சொல்லலாம். பெரிய ஆற்றில் வரும் வெள்ளத்துக்கு ஒன்று முதல் ஏழு நாட்கள். மலையடிவார ஓடையில் திடீரென வரும் வெள்ளத்துக்குச் சில மணி நேரமே அவகாசம். அங்கே உலகளாவிய மாதிரி உங்களை உஷார்ப்படுத்த மட்டுமே உதவும், முடிவெடுக்க வைப்பது மேல்பகுதியில் உள்ள மழைமானிதான். மின்னலுக்கு அரை மணி நேரம்கூடக் கிடைக்காமல் போகலாம். அதற்கு எந்த அமைப்பையும்விட எளிய பழக்கம் பலன் தரும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடி அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் மின்னல் சுமார் 10 கி.மீ. தூரத்துக்குள் இருக்கிறது. வயலைவிட்டு கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடி கேட்ட பிறகு 30 நிமிடம் கழித்தே வெளியே வர வேண்டும்.

கணிப்பை எங்கிருந்து எடுப்பது

நான்கு மூலங்கள் போதும்.

முதலாவது, அரசு எச்சரிக்கை. பல நாடுகள் இதைக் 'கேப்' எனப்படும் பொது எச்சரிக்கை வடிவத்தில் வெளியிடுகின்றன. கணினி படிக்கும் வடிவம் என்பதால் எந்தப் பகுதி, எவ்வளவு கடுமை, எப்போது முதல் எப்போது வரை என்பதை உங்கள் குழுவின் கணினி நிரல் நேரடியாக எடுத்துக்கொள்ளலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சரிபார்க்க வையுங்கள்.

இரண்டாவது, ஏஐ உலகளாவிய மாதிரி. ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலை மையம் தன் ஏஐஎஃப்எஸ் மாதிரியை 2025 பிப்ரவரியிலும், அதன் தொகுதிக் கணிப்பை அதே ஆண்டு ஜூலையிலும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தரவு திறந்த உரிமத்தில் கிடைக்கிறது. தொகுதிக் கணிப்பு என்பது சற்றே மாறுபட்ட தொடக்கங்களிலிருந்து ஒரே நாளுக்குப் பல கணிப்புகளை ஓட்டுவது. அவற்றில் எத்தனை உங்கள் வரம்பைத் தாண்டுகின்றன என்பதே நிகழ்தகவு. ஒற்றைக் கணிப்பைவிட இதைத்தான் பயன்படுத்த வேண்டும். கோப்புகளை இறக்கிப் பிரிப்பது கடினமாக இருந்தால், ஓப்பன்-மெட்டியோ போன்ற சேவையில் உங்கள் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தால் எண்களாகவே வந்துவிடும். வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு அது இலவசம்.

மூன்றாவது, ஆற்று வெள்ளத்துக்குக் கூகுளின் ஃப்ளட் ஹப். ஏழு நாட்கள் வரை முன்கணிப்பு தருகிறது. உங்கள் ஆறு அதில் இருக்கிறதா, அருகிலுள்ள கணிப்புப் புள்ளி ஊருக்கு மேலே உள்ளதா கீழே உள்ளதா என்று பாருங்கள். கீழே உள்ள புள்ளியின் எண்ணை வைத்து ஊருக்கு நேரம் கணக்கிட்டால், அது காட்டும் உச்சம் ஊரை ஏற்கெனவே கடந்துபோயிருக்கும்.

நான்காவது, உங்கள் சொந்த மழைமானியும் நீர்மட்ட சென்சாரும்.

மாதிரிகளின் பலவீனம் எங்கே என்பது தெரிந்தால்தான் அவற்றை நம்ப முடியும். கூகுள் டீப்மைண்டின் கிராப்காஸ்ட், மேலே சொன்ன ஏஐஎஃப்எஸ் போன்றவை ஈஆர்ஏ5 எனப்படும் கடந்தகால வானிலைத் தொகுப்பிலிருந்து கற்றவை. அந்தத் தொகுப்பின் ஒரு கட்டம் பூமத்திய ரேகையருகே ஏறத்தாழ 28 கி.மீ. அகலம். ஒரு மலை, அதன் இருபுறச் சரிவு, நடுவே உள்ள பள்ளத்தாக்கு எல்லாம் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடலாம். இன்னொன்று, ஒற்றைக் கணிப்பு தரும் மாதிரிகள் பலவற்றைச் சராசரிப் பிழை குறைய வேண்டும் என்று பயிற்றியிருக்கிறார்கள். மழை இங்கே பெய்யுமா பத்து கி.மீ. தள்ளிப் பெய்யுமா என்ற ஐயம் வந்தால் மாதிரி இரண்டு இடத்திலும் பாதிப் பாதி போட்டுவிடும். அதனால் உச்ச மழையும் உச்சக் காற்றும் குறைத்தே காட்டப்படும். 2023 செப்டம்பரில் 'லீ' புயல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் கரையேறும் என்பதைக் கிராப்காஸ்ட் சுமார் ஒன்பது நாட்கள் முன்பே சொன்னது. பாதைக்கு இத்தகைய மாதிரியை நம்பலாம். புயலின் காற்று வேகத்துக்கு அதே அளவு நம்பக் கூடாது. அதற்கு வானிலைத் துறையின் அறிக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள்.

தரவை இறக்கும்போது மூன்று பிழைகள் திரும்பத் திரும்ப வரும். நேரம் உலகப் பொது நேரமான யுடிசியில் இருக்கும், உள்ளூர் நேரத்துக்கு மாற்ற மறந்தால் "இரவு" என்ற எச்சரிக்கை காலையைக் குறிக்கும். மழை அளவு சில தொகுப்புகளில் மீட்டரிலும் சிலவற்றில் மில்லிமீட்டரிலும் இருக்கும். சிலவற்றில் மழை கணிப்பு தொடங்கிய நேரத்திலிருந்து கூட்டிக்கொண்டே வரும் தொகையாக இருக்கும், இரண்டாம் நாளின் 24 மணி நேர மழை வேண்டுமென்றால் 48ஆம் மணி எண்ணிலிருந்து 24ஆம் மணி எண்ணைக் கழிக்க வேண்டும். இந்த மூன்றையும் ஒரு மழைநாளின் தரவை எடுத்துக் கையால் கணக்கிட்டுச் சரிபாருங்கள்.

மழைமானியும் நீர்மட்ட சென்சாரும்

டிப்பிங் பக்கெட் மழைமானியில் ஒரு சிறு இரட்டை வாளி நிரம்பியதும் கவிழும். ஒவ்வொரு கவிழ்ப்பும் ஒரு துடிப்பாகப் பதிவாகும். புனலின் பரப்பு 200 ச.செ.மீ., ஒரு கவிழ்ப்புக்கு 0.2 மி.மீ. என்றால், ஒரு கவிழ்ப்புக்கு 4 மி.லி. தண்ணீர். சோதிக்க, 400 மி.லி. தண்ணீரை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக விடுங்கள். 100 துடிப்பு வர வேண்டும். 95க்குக் குறைந்தாலோ 105க்கு மேல் போனாலோ வாளியின் அடியிலுள்ள திருகைச் சரிசெய்யுங்கள். பிறகு அதே 400 மி.லி.யைப் பன்னிரண்டு நிமிடத்தில் ஊற்றிப் பாருங்கள். இது மணிக்கு 100 மி.மீ. மழைக்குச் சமம். இப்போது எண்ணிக்கை குறையும், வாளி கவிழும் அந்தக் கணத்தில் விழும் தண்ணீர் கணக்கில் வராததே காரணம். எவ்வளவு குறைகிறது என்று குறித்துவைத்து நிரலில் திருத்தம் சேருங்கள். கனமழைதான் நமக்கு வேண்டியது, கருவி பிழை செய்வதும் அங்கேதான்.

மழைமானியை அருகிலுள்ள மரம் அல்லது கட்டடத்தின் உயரத்தைப்போல் குறைந்தது இரு மடங்கு தூரம் தள்ளி வையுங்கள், நான்கு மடங்கு என்றால் இன்னும் நல்லது. கூரைமேல் வைக்காதீர்கள், காற்று மழையை அடித்துக்கொண்டு போய்விடும். பக்கத்திலேயே அளவுக் குடுவை கொண்ட சாதாரண மழைமானி ஒன்றும் இருக்கட்டும். தினமும் ஒரே நேரத்தில் ஒருவர் படித்து நோட்டில் எழுத வேண்டும். தானியங்கி மழைமானியின் புனலைச் சருகும் சிலந்தி வலையும் பறவை எச்சமும் அடைத்துவிட்டால் அது அமைதியாக "0" என்று அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த நோட்டு ஒன்றுதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

நீர்மட்டத்துக்கு, ஒலியை அனுப்பி அது திரும்பும் நேரத்தால் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் மலிவு. பாலத்தின் அடியில், தூணிலிருந்து விலகி, இதுவரை வந்த மிக உயர்ந்த வெள்ளத்தைவிடக் குறைந்தது அரை மீட்டர் மேலே, நேர் கீழ்நோக்கிப் பொருத்துங்கள். மலிவான சென்சார்கள் 20 முதல் 25 செ.மீ.க்குள் வரும் எதையும் காணாது. தண்ணீர் அந்த எல்லைக்குள் ஏறிவிட்டால் அர்த்தமற்ற எண் வரும். ஒலியின் வேகம் வெப்பநிலையோடு மாறுகிறது, ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.18 சதவீதம். மூன்று மீட்டர் தூரத்தில் வெப்பநிலை 10 டிகிரி மாறினால் 5 செ.மீ. பிழை. எனவே வெப்பநிலை சென்சாரும் சேர்த்துத் திருத்துங்கள். ஒரு அளவீட்டை நம்பாமல் ஒரு நிமிடத்தில் 15 முறை அளந்து, வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்ணை அனுப்புங்கள். மிதந்து வரும் கட்டையும் நுரையும் அப்போது கணக்கைக் குழப்பாது. பணம் இருந்தால் ரேடார் வகை வாங்குவது நல்லது, அதற்கு வெப்பநிலைச் சிக்கல் இல்லை. சென்சாரோடு நிறுத்தாமல் பாலத்தூணில் அளவுகோலும் வரைந்துவிடுங்கள். கைவிளக்கோடு போய் ஒருவர் படித்துச் சொல்ல முடிய வேண்டும்.

மின்சாரத்தில் பலரும் தவறுவது வெயிலை நம்புவதில். எச்சரிக்கை தேவைப்படும் வாரத்தில்தான் சூரியன் இருக்காது. ஏழு நாள் வெயில் இல்லாமல் ஓடும்படி பேட்டரியைக் கணக்கிடுங்கள். லோரா எனப்படும், குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் எட்டும் வானொலி வழி அனுப்பும் கருவி சராசரியாக 5 மில்லி ஆம்பியர் எடுத்தால் ஒரு நாளைக்கு 120, ஏழு நாளைக்கு 840 மில்லி ஆம்பியர்-மணி. பேட்டரி பழசாகும் என்பதால் 2,000 வையுங்கள். கைபேசிக் கோபுரம் வழி அனுப்பும் ஜிஎஸ்எம் மோடம் என்றால் அனுப்பும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். மெல்லிய கம்பியில் மின்னழுத்தம் விழுந்து கருவி மறுபடி மறுபடி புதிதாகத் தொடங்கும். மோடத்தின் மின்முனையருகே 1,000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைச் சேர்த்துக் கம்பியைக் குட்டையாகவும் தடிமனாகவும் வைத்தால் பெரும்பாலும் தீரும். லோராவுக்கு நாட்டுக்கு நாடு அலைவரிசை வேறு: இந்தியாவில் 865–867, ஐரோப்பாவில் 868, அமெரிக்காவில் 915 மெகாஹெர்ட்ஸ். வாங்கும் முன் பாருங்கள்.

வரம்பை எப்படி முடிவுசெய்வது

முழு வேலையின் கனமும் இங்கேதான் இருக்கிறது.

உங்கள் ஓடை 24 மணி நேரத்தில் 100 மி.மீ. மழைக்குக் கரை தாண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். "மாதிரி 100 மி.மீ. என்றால் எச்சரிக்கலாம்" என்று எழுதிவிட்டால் எச்சரிக்கை வரவே வராது. மாதிரி உச்சத்தைக் குறைத்துக் காட்டும் என்று மேலே பார்த்தோம். மாதிரியின் எண்ணை உங்கள் மழைமானியின் எண்ணோடு நேராக ஒப்பிடக் கூடாது, மாதிரியின் கடந்தகாலத்தோடு ஒப்பிட வேண்டும். மழைமானி 100 மி.மீ. தாண்டிய நாட்களில், அதற்கு முந்தைய நாள் மாதிரி என்ன சொன்னது என்பதே கேள்வி.

இதற்குப் பழைய கணிப்புகள் வேண்டும். பழைய வானிலை போதாது. அன்று உண்மையில் வெளியான, 24 மணி நேரம் முன்னதான கணிப்பின் சேமிப்பை எடுங்கள். மாதிரி பயிற்சி எடுத்த ஆண்டுகளையும் தவிர்க்க வேண்டும். கிராப்காஸ்ட் 1979 முதல் 2017 வரையான தரவில் பயின்றது, அந்த ஆண்டுகளில் அதைச் சோதிப்பது விடைத்தாளைப் பார்த்துத் தேர்வு எழுதவிடுவதுதான்.

கற்பனை எண்களோடு ஒரு கணக்குப் போடுவோம். மழைமானி 100 மி.மீ. தாண்டிய நாட்கள் 8. மாதிரியின் வரம்பை 60 மி.மீ. என்று வைத்தால் 4 எச்சரிக்கை, 3 உண்மை, 1 பொய், 5 தவறவிட்டவை. 35 என்று வைத்தால் 16 எச்சரிக்கை, 7 உண்மை, 9 பொய், 1 தவறவிட்டது. 25 என்று வைத்தால் 32 எச்சரிக்கை, 8ம் பிடிபடும், 24 பொய்.

இப்போது ஊர் கூடி இரண்டு மதிப்பைச் சொல்ல வேண்டும். ஒரு முறை கால்நடையையும் பொருளையும் மேட்டுக்கு மாற்றும் செலவு 1 பங்கு என்றால், மாற்றாமல் வெள்ளம் வந்தால் இழப்பு எத்தனை பங்கு? 12 என்று வையுங்கள். வரம்பு 60 என்றால் 4 முறை மாற்றிய செலவு 4, தவறவிட்ட 5 வெள்ளத்துக்கு 60, ஆக 64. வரம்பு 35 என்றால் 16 + 12 = 28. வரம்பு 25 என்றால் 32. அமைப்பே இல்லாவிட்டால் 96. பாதிக்கு மேல் பொய் எச்சரிக்கையாக இருந்தும் 35தான் ஊருக்கு லாபம். இந்தக் கணக்கை ஊர்க்கூட்டத்தில் பலகையில் எழுதிக் காட்டுங்கள். "பொய் சொல்லிவிட்டார்கள்" என்ற கோபம் பின்னால் வராமல் இருக்க, இத்தனை முறை வீணாகும் என்று முன்பே எல்லோரும் ஒப்புக்கொள்வதைவிடச் சிறந்த வழி இல்லை.

தொகுதிக் கணிப்பின் நிகழ்தகவுக்கும் இதே தர்க்கம். செலவை இழப்பால் வகுத்தால் வரும் பின்னத்தைத் தாண்டினால் செயலில் இறங்கலாம். 1/12 என்றால் சுமார் 8 சதவீதம். கேட்க மிகக் குறைவாகத் தோன்றும், ஆனால் இழப்பு பெரிது, செலவு சிறிது என்றால் அதுவே சரியான எண். உயிர் சம்பந்தப்பட்ட முடிவுக்குப் பணக்கணக்கு போடாதீர்கள். அங்கே தவறவிடுவது பூச்சியத்தை நெருங்க வேண்டும், அவ்வளவே.

செலவு படிப்படியாகக் கூடுவதால் வரம்பும் படிகளாக இருக்கட்டும். 'கவனம்' படியில் மாதிரி 25ஐத் தாண்டினால், பேட்டரி, சைரன், தொடர்புப் பட்டியல் சரிபார்ப்பு மட்டும். 'தயார்' படியில் 35ஐத் தாண்டினால், கால்நடையும் விதையும் ஆவணங்களும் மேட்டுக்கு. 'வெளியேறு' படிக்கு உலகளாவிய மாதிரி போதாது. மேல்பகுதி மழைமானி மூன்று மணி நேரத்தில் 60 மி.மீ. காட்ட வேண்டும், அல்லது ஓடை குறிப்பிட்ட மட்டத்தைத் தொட வேண்டும், அல்லது அரசின் சிவப்பு எச்சரிக்கை வர வேண்டும். மூன்றில் ஒன்று போதும். எண்கள் எடுத்துக்காட்டு, உங்கள் ஊருக்கு நீங்களே கண்டுபிடிக்க வேண்டியவை. தரைப்பாலத்துக்கு மட்டும் ஒரு நிலையான எண் சொல்லலாம்: ஓடும் தண்ணீர் 15 செ.மீ. ஆழம் இருந்தாலே ஆளைத் தள்ளிவிடும், 30 செ.மீ. காரை மிதக்கவிடும், 60 செ.மீ. பெரும்பாலான வாகனங்களை அடித்துப் போகும். 15ஐத் தொட்டதும் பாலத்தை யாரும் கடக்காதபடி மூடிவிடுங்கள்.

படியை உயர்த்துவது நிரலின் வேலை. 'வெளியேறு' என்ற செய்தியை அனுப்ப மட்டும் குழுவில் ஒருவர் ஒப்புதல் தர வேண்டும். ஆனால் அந்த ஒருவர் தூங்கிவிட்டால்? பத்து நிமிடத்தில் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்கு, அவரிடமும் இல்லையென்றால் மூன்றாமவருக்கு, பிறகு நிரலே அனுப்பிவிடும் என்று எழுதிவையுங்கள். மனித ஒப்புதலுக்கு நேர எல்லை இல்லாத அமைப்பு ஆபத்தானது.

ஆற்றுக்குச் சொந்த மாதிரி வேண்டுமா?

மேல்பகுதியில் ஒரு நீர்மட்ட சென்சார் இருந்தால் முதலில் எளிய வழியைப் பாருங்கள். பழைய வெள்ளங்களில் மேலே உச்சம் வந்த நேரத்துக்கும் ஊரில் உச்சம் வந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறியுங்கள். பத்துப் பன்னிரண்டு வெள்ளத்துக்கு அது மூன்று முதல் நான்கு மணி நேரத்துக்குள் நின்றால், அந்த இடைவெளியும் ஒரு நேர்க்கோட்டுச் சமன்பாடும் உங்களுக்குப் போதும். பெரிய வெள்ளம் சிறிய வெள்ளத்தைவிட வேகமாக வரும், எனவே கிடைத்ததில் மிகக் குறைந்த இடைவெளியையே நம்புங்கள்.

கற்கும் மாதிரிகளுக்குப் போவதானால் ஒரு பொறி இருக்கிறது. கேள்விக்குக் கேள்வி கிளை பிரிந்து விடைக்குப் போகும் மரவகை மாதிரிகள், அதாவது ரேண்டம் ஃபாரஸ்ட், கிரேடியன்ட் பூஸ்டிங் போன்றவை, பயிற்சியில் பார்த்த மிக உயர்ந்த நீர்மட்டத்துக்கு மேல் பொதுவாக எந்த எண்ணையும் தருவதில்லை. பயிற்சித் தரவில் உச்சம் 3.2 மீட்டர் என்றால், ஐம்பது ஆண்டில் ஒருமுறை வரும் வெள்ளத்துக்கும் 3.2க்குள்தான் சொல்லும். சராசரி நாட்களில் சோதித்தால் துல்லியம் அபாரமாக இருக்கும், தேவைப்படும் ஒரே நாளில் கைவிடும். மட்டத்தை நேரடியாகக் கணிக்காமல் "அடுத்த மூன்று மணி நேரத்தில் எவ்வளவு ஏறும்" என்பதைக் கணிக்கவைத்தால் ஓரளவு தப்பலாம். மாதிரியின் விடை பயிற்சி உச்சத்தில் 90 சதவீதத்தைத் தொட்டால் "இதற்கு மேல் எனக்குத் தெரியாது" என்று பொருள் கொண்டு நேராக 'வெளியேறு' படிக்குப் போங்கள்.

செய்தியை எழுதுவது

2013 நவம்பரில் பிலிப்பைன்ஸை ஹையான் புயல் தாக்கியபோது, புயலால் கடல் மட்டம் எழும் என்ற எச்சரிக்கை முன்பே தரப்பட்டிருந்தது. அது தம் வீட்டை என்ன செய்யும் என்பது பலருக்குப் புரியவில்லை. மாதிரியின் எண்ணும் கலைச்சொல்லும் செய்தியில் வேண்டாம். தண்ணீர் எங்கே, எந்த உயரத்துக்கு, எத்தனை மணிக்குள் என்று சொல்லுங்கள். இப்படி:

"வெள்ள எச்சரிக்கை. இன்று செவ்வாய்க்கிழமை இரவு 10 மணிக்குள் ஓடைக்கரைத் தெரு, கீழத்தெரு வீடுகளுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வரக்கூடும். 7 மணிக்குள் முதியவர்கள், குழந்தைகளோடு பள்ளிக் கட்டடத்துக்குப் போய்விடுங்கள். தரைப்பாலத்தைக் கடக்காதீர்கள். அடுத்த செய்தி மாலை 6 மணிக்கு. வானிலைத் துறையின் சிவப்பு எச்சரிக்கையை ஒட்டி, ஊர்க்குழு."

அடுத்த செய்தி எப்போது என்பதை விடாதீர்கள். அது இல்லாவிட்டால் மக்கள் வதந்தியைத் தேடிப் போவார்கள்.

எழுதித் தரும் ஏஐ கருவிகளை இங்கே பயன்படுத்தலாம், ஆனால் அமைதியான நாளில். ஒவ்வொரு படிக்கும் ஆபத்துக்கும் வார்ப்புச் செய்திகளை உள்ளூர் பேச்சுவழக்கில், சிறுபான்மை மொழிகளிலும் எழுதவைத்து, அந்த மொழி பேசும் இருவர் படித்துத் திருத்தி ஒப்பமிட்ட பிறகு பூட்டிவையுங்கள். ஆபத்து நேரத்தில் நிரல் செய்ய வேண்டியது தெரு, நேரம், இடம் ஆகிய வெற்றிடங்களை நிரப்புவது மட்டுமே. அந்த நேரத்தில் புதிதாக எழுதச் சொன்னால் ஏஐ ஒரு எண்ணை மாற்றிவிடலாம், "வேண்டாம்" என்பதை விட்டுவிடலாம். குரல் செய்திக்கு, கணினிக் குரலைவிட ஊரார் அறிந்த ஒருவரின் பதிவுக் குரல் நம்பப்படும். தெருப்பெயரையும் நேரத்தையும் துண்டுகளாகப் பதிவுசெய்து வைத்தால் நிரல் ஒட்டிக்கொள்ளும்.

கொண்டுசேர்ப்பது

ஒரே வழியை நம்பாதீர்கள். குறுஞ்செய்தி ஒவ்வொன்றாக வரிசையில் போகும், நெரிசலில் மணிக்கணக்கில் தேங்கும். செல் பிராட்காஸ்ட் ஒரு கோபுரத்தின் கீழுள்ள எல்லாக் கைபேசிக்கும் ஒரே நேரத்தில் போகும், ஆனால் அதை இயக்கும் உரிமை அரசிடம். தானியங்கிக் குரல் அழைப்பு எழுத்துப் படிக்காதவர்களை எட்டும். இவை அனைத்தும் கோபுரம் நிற்கும் வரைதான். மின்சாரம் போனால் கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரமே தாங்கும். ஆகவே 'தயார்' செய்தியை மின்சாரம் இருக்கும்போதே, பகலிலேயே அனுப்பப் பாருங்கள்.

சைரனுக்கு ஒரு கணக்கு. தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 120 டெசிபல் உள்ள சைரன் 500 மீட்டரில் 66க்கு வந்துவிடும். தகரக் கூரையில் கனமழை விழும் வீட்டுக்குள் அது கேட்காது. பெரிய சைரன் ஒன்றைவிடச் சிறியவை பலவற்றை 200 முதல் 300 மீட்டருக்கு ஒன்றாக, லோரா வழி இயங்கும்படி வைப்பது மேல்.

கடைசியில் கால்தான். இருபது வீட்டுக்கு ஒருவர், அவருக்கு மாற்றாக இன்னொருவர். ஒவ்வொருவர் கையிலும் பட்டியல்: காது கேளாதவர் யார், படுக்கையில் இருப்பவர் யார், தனியாக இருக்கும் முதியவர் யார், இரவில் கைபேசியை அணைப்பவர் யார். செய்தி கிடைத்த 15 நிமிடத்தில் அவர் "கிடைத்தது" என்றும், தெரு முடிந்ததும் "முடிந்தது" என்றும் சொல்ல வேண்டும். சொல்லாத தெருவுக்கு ஒருவர் நேரில் போக வேண்டும். 1970 புயலில் மூன்று லட்சம் பேருக்கு மேல் இழந்த வங்கதேசம் அதன்பின் கட்டியெழுப்பிய புயல் தயார்நிலைத் திட்டம் கொடியோடும் மெகாஃபோனோடும் தெருத்தெருவாகப் போகும் தன்னார்வலர்களை நம்பியே நிற்கிறது. கணிப்பு எவ்வளவு முன்னேறினாலும் அந்தக் கடைசிப் படியை மாற்றீடு செய்ய எதுவும் வரவில்லை.

தினசரி, பிறகு வெள்ளத்துக்குப் பின்

தரவு வரவில்லை என்பதும் ஓர் எச்சரிக்கையே. நிரலில் வராத தரவை "0" என்று நிரப்பாதீர்கள், வெற்றிடமாகவே விடுங்கள். எந்தக் கருவியாவது 30 நிமிடம் மௌனமானால் பொறுப்பாளரின் கைபேசி ஒலிக்க வேண்டும். தினமும் காலை ஒரு சோதனைச் செய்தி குழுவுக்குள் மட்டும் போகட்டும், ஒரு நாள் வரவில்லையென்றால் எங்கோ அறுந்திருக்கிறது. மழைக்காலத்துக்கு முன் ஒருமுறையும் நடுவில் ஒருமுறையும் ஒத்திகை நடத்துங்கள், அதில் ஒன்று இரவில், மின்சாரத்தையும் கைபேசியையும் அணைத்துவிட்டு.

ஆபத்து நீங்கிய செய்தியும் முறையாகப் போக வேண்டும். புயலின் கண் கடக்கும்போது காற்று நின்றுவிடும், முடிந்துவிட்டது என்று மக்கள் வெளியே வருவார்கள், மறுபக்கக் காற்று அவர்களைப் பிடிக்கும். ஆற்றில் இரண்டாவது உச்சம் வரலாம். நீர்மட்டம் குறைந்தது ஆறு மணி நேரம் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும், மேல்பகுதி மழைமானியும் அமைதியாக இருக்க வேண்டும், அரசும் எச்சரிக்கையை விலக்க வேண்டும். மூன்றும் நிறைவேறிய பிறகே "வீடு திரும்பலாம்".

இரண்டு நாளுக்குள் குழு உட்கார்ந்து நேரவரிசை எழுத வேண்டும்: மாதிரி எப்போது வரம்பைத் தாண்டியது, ஒப்புதல் எப்போது, முதல் கதவு எப்போது, கடைசிக் கதவு எப்போது, தண்ணீர் எப்போது. கடைசிக் கதவுக்கும் தண்ணீருக்கும் இடைவெளி ஒரு மணி நேரத்துக்குக் குறைவென்றால் அடுத்த முறை வரம்பைத் தாழ்த்துங்கள். எச்சரித்தும் வெள்ளம் வராவிட்டால் அதையும் ஊருக்கு அப்படியே சொல்லுங்கள், எத்தனை மி.மீ. எதிர்பார்த்தோம், எத்தனை பெய்தது என்று. வரம்பை மாற்றினால் புதிய எண்ணையும் தேதியையும் பெரிய எழுத்தில் சுவர் அட்டையில் எழுதி, பழைய அட்டைகள் எல்லாவற்றையும் அன்றே அகற்றிவிடுங்கள். இரண்டும் தொங்கினால் நள்ளிரவில் அவசரத்தில் ஓடி வருபவர் பழைய எண்ணைப் படித்துவிடுவார்.